துத்தம் மருந்து இல்லீங்க

அங்கே ஏன் நின்னேன்னு கேட்டீங்க பாருங்க மேடம், அது ஞாயமான கேள்விதான். பதினோரு வருஷம் ஒரே அப்பார்ட்மெண்டுல நீச்சல் குளம் பாத்தவன், திடீர்னு நின்னுட்டு உங்க ரிசார்ட்டுல வந்து வேலை கேட்டா யாரா இருந்தாலும் கேக்கத்தான் செய்வாங்க. நீங்க எப்படியும் அங்கே ஃபோன் போடுவீங்க. போட்டா அசோசியேஷன் தலைவர் ஜெகதீசன் சார் எடுப்பார். அவர் ஒரு மாதிரி சொல்வார். அதுக்கு முன்னாடி நடந்தது நடந்தபடி நானே சொல்லிடறேனுங்க. இந்தச் சென்னியப்பன் பொய் சொல்ல மாட்டான். இந்த விஷயத்துலகூட ஒரு வார்த்தை பொய் சொல்லலை. கடைசி வரைக்கும் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

டீ வேண்டாமுங்க. குடிச்சுட்டுத்தான் வந்தேன்.

அந்தக் குளத்துக்கு உள்ளே முச்சூடும் வெள்ளைப் பூச்சுங்க. உங்களுது மாதிரி நீல டைல்ஸ் இல்லை. வெள்ளைங்கறது பாக்கறதுக்கு அம்சமா இருக்கும், ஆனா பாக்கறவனுக்குப் பெரிய பாடு. ஒரு தலைமுடி கிடந்தாலும் மேல இருந்து தெரியும். அதை நான் பதினோரு வருஷம் வெள்ளையாவே வெச்சிருந்தேன். எங்க தொழில்ல மருந்துன்னா மூணுங்க. குளோரின், ஆசிட், சோடா. இந்த மூணைத்தான் மருந்துன்னு சொல்றது. இது போக, பாசிக்கு மட்டும் நான் கொஞ்சம் துத்தம் வெப்பேன். மயில்துத்தம், அந்த நீலக்கல்லு. எங்க பக்கம் தோட்டத்துத் தொட்டியில பாசி கட்டினா ஒரு கைப்பிடி துத்தத்தைத் துணியில முடிஞ்சு உள்ளே போடுவாங்க, தண்ணி கண்ணாடியாட்டம் நிக்கும். அதையேதான் இங்கேயும் செஞ்சேன். குளத்து ஓரத்துல ஸ்கிம்மர்னு ஒரு பொட்டி இருக்குதுங்களே, மிதக்கற இலையெல்லாம் உறிஞ்சிக்கறது, அதுக்குள்ள இருக்கற கூடையில சின்னதா ஒரு முடிச்சு. யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னு இல்லீங்க. யாரும் கேக்கலை.

ஆனா அது மருந்து இல்லீங்க மேடம். கல்லு. அதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கங்க.

போன சித்திரையில பரீட்சை லீவு விட்டாங்க. குளத்துல தண்ணி தெரியலை, தலைதான் தெரிஞ்சுது. அவ்வளவு கூட்டம். வெயிலும் அப்படி. பாசி கட்டிடுமேன்னு முடிச்சைக் கொஞ்சம் பெருசாப் போட்டேன். கொஞ்சம்தான். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா படிக்கட்டுல சாம்பல் கலந்த நீலமா ஒரு திட்டு. பிரஷ் போட்டுத் தேச்சேன், போகலை. மறுநாள் ஏணிக்குக் கீழே. அதுக்கு மறுநாள் ஆழமான பக்கம் சுவரெல்லாம். அம்மை போட்ட மாதிரிங்க.

அதுகூடப் பரவாயில்லை. ரூபாவதி டீச்சர்னு ஒருத்தங்க, ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், கெமிஸ்ட்ரி எடுத்தவங்க. முழங்கால் வலிக்காகத் தினம் காலையில நீந்துவாங்க. தலை பஞ்சு மாதிரி வெள்ளை. ஒரு நாள் தண்ணியை விட்டு எந்திரிச்சாங்க பாருங்க, தலையில பாதி பச்சைப்பயறு நிறம். ஒரு பொடிசு கையைக் கொட்டிட்டு, "கிளி டீச்சர்! கிளி டீச்சர்!"ங்குது. டீச்சர் சிரிச்சாங்க. ஆனா என் பக்கம் திரும்பினப்போ சிரிப்பு இல்லை.

"சென்னியப்பன், தண்ணில என்ன கலந்திருக்கு?"

"போர்த் தண்ணிங்க டீச்சர். இரும்பு ஜாஸ்தி."

அதுவும் பொய் இல்லீங்க. கோயமுத்தூர்ல எந்தப் போர்ல இரும்பு இல்லை?

அன்னைக்கே கேப்டன் கூப்பிட்டு விட்டார். கேப்டன்னா ஜெகதீசன் சார்தான். பட்டாளத்துக்கெல்லாம் போனவர் இல்லை, காலேஜுல கால்பந்து கேப்டனாம், பேரு ஒட்டிக்கிச்சு. ஆனா பேச்செல்லாம் பட்டாளம்தான்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நீச்சல் போட்டி. எட்டு அப்பார்ட்மெண்ட்ல இருந்து பசங்க வர்றாங்க. அதுக்குள்ள எனக்குக் குளம் வெள்ளையா வேணும். இல்லைன்னா திங்கக்கிழமை குளம் பாக்கற கம்பெனிக்காரன் வருவான், நீ ரூமைக் காலி பண்ணிக்க."

ரூம்னா மேடம், மோட்டார் ரூமுக்குப் பின்னாடி பத்துக்குப் பத்துல ஒண்ணு குடுத்திருந்தாங்க. நானும் எம் பொஞ்சாதியும் அதுலதான் இருந்தோம். அவளுக்கு ஆஸ்துமா. எனக்கு அம்பத்தாறு வயசு. அந்த வயசுல ரூமும் போயி வேலையும் போனா எங்கீங்க போறது?

ரெண்டு நாள் கழிச்சுக் கேப்டனே எங்கியோ படிச்சுட்டு வந்தார். கையில விட்டமின் சி மாத்திரை. நாம சப்பித் தின்பமே, ஆரஞ்சு நிறத்துல, அதேதான். "இரும்புக் கறையா இருந்தா இந்த மாத்திரையை வெச்சுத் தேச்சாலே போயிடும். போகலைன்னா வேற உலோகம்"னாரு. அரை டவுசரோட படிக்கட்டுல மண்டி போட்டுட்டு, முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டு அந்தத் திட்டு மேல மாத்திரையை அழுத்திப் பிடிச்சார். சுத்தியும் முப்பது பேரு. சின்னஞ்சிறுசுக எல்லாம் எட்டி எட்டிப் பாக்குது. டீச்சர் தலையில துண்டைச் சுத்திட்டு நிக்கறாங்க. நான் ஏணியைப் பிடிச்சுட்டு நிக்கறேன். சாமி, இரும்பா இருக்கட்டும், இரும்பா இருக்கட்டும்னு மனசுக்குள்ள ஓடுது.

ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். கையை எடுத்தார்.

திட்டு அப்படியே இருந்துச்சுங்க. மாத்திரைதான் பாதியாக் கரைஞ்சிருந்துச்சு.

"இரும்பு இல்லை"ன்னாங்க டீச்சர். "என் தலையைப் பாத்தப்பவே நினைச்சேன். இது செம்பு." துத்தத்துல இருக்கறதும் செம்புதானுங்களே.

"செம்பு எப்படிக் குளத்துக்கு வரும்? யாராவது குடம் கழுவுனாங்களா?" அப்படின்னுட்டுக் கேப்டன் என்னைப் பாத்தார். எல்லாருமே என்னைத்தான் பாத்தாங்க. "சென்னியப்பா, நேராச் சொல்லு. வழக்கமாப் போடறது போக வேற ஏதாவது மருந்து போட்டயா?"

மேடம், அவர் கேட்டது மருந்து. நல்லாக் கவனிங்க. மருந்து போட்டயான்னு கேட்டார்.

"மருந்து எதுவும் போடலைங்க சார்"னேன்.

பொய்யுங்களா? நீங்களே சொல்லுங்க. வேற என்ன போட்டேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கல்லு ஏதாவது போட்டயான்னு கேட்டிருந்தா ஆமாங்கன்னு சொல்லியிருப்பேன். கேக்கத் தெரியலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பொறவு முடிச்சை ஸ்கிம்மர்ல இருந்து எடுத்தேன். கையெல்லாம் நீலம். எங்கேயாவது போட்டாகணும். அந்த நேரம் பாத்து செக்யூரிட்டி விசில் ஊதிட்டு இந்தப் பக்கமா வர்றான். மோட்டார் ரூம் வாசல்ல ஒரு பக்கெட் இருந்துச்சு, உள்ளே ஈரத்துணி. துணிக்கு அடியில வெச்சேன். ஒரே ஒரு நிமிஷத்துக்குத்தானுங்க. செக்யூரிட்டி பீடிக்கு நெருப்புக் கேட்டான், குடுத்தேன், ரெண்டு வார்த்தை பேசினோம். திரும்பிப் பாத்தா பக்கெட்டைக் காணோம்.

அது வேலுத்தாயி பக்கெட்டு. வேலுத்தாயின்னா எங்க ஹவுஸ்கீப்பிங்ல இருந்த பொம்பளை. கம்பத்துக்காரி. புருஷன் இல்லை. என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடுவா. எம் பொஞ்சாதிக்கு மூச்சு முட்டற நாள்ல அவதான் வந்து நெஞ்சு நீவி விட்டு, கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுப் போவா. நல்ல பொம்பளைங்க. நான் இல்லைன்னு சொல்லவே இல்லை.

அவ அந்தப் பக்கெட்டைத் தூக்கிட்டுப் போயி டீச்சர் வீட்டு வராந்தாவைத் துடைச்சிருக்கா. வெள்ளை மார்பிள்ல நீலமாக் கோடு கோடா விழுந்திருக்கு. டீச்சர் பக்கெட்டுக்குள்ள கைவிட்டு அந்த முடிச்சை எடுத்துட்டாங்க. கெமிஸ்ட்ரி டீச்சராச்சே. பாத்ததும் கண்டுபிடிச்சுட்டாங்க.

கீழே ஆபீஸ்ல வெச்சு விசாரணை. நானும் போயிருந்தேன். வரச் சொன்னாங்க.

"இது என்னன்னு தெரியுமா?"ன்னு கேப்டன் கேக்கறார்.

அவ என்ன செஞ்சிருக்கணும்? தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும். அந்தப் புத்தி அவளுக்கு இல்லீங்க. வாங்கிப் பாத்துட்டு, "மயில்துத்தம்ய்யா. எங்க ஊர்ல திராட்சைக் கொடிக்குச் சுண்ணாம்போட கலந்து அடிப்பாக. எந்தம்பி தோட்டத்துலயும் அடிப்பான்"ங்கறா.

"அப்ப உன்னுதுதான்."

"எனக்கு எதுக்குய்யா? எப்படி என் வாளிக்கு வந்துச்சுன்னே தெரியலை."

"உன் ஊரு, உன் தம்பி, உன் பக்கெட். எப்படி வந்துச்சுன்னு தெரியலையா?"

அவ திருதிருன்னு முழிக்கறா. உண்மையைத்தான் சொல்றா, சொல்லச் சொல்ல மாட்டிக்கறா. கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிட்டு நிக்கறேன், நகக்கண்ணுல நீலம் போகலைங்களே. டீச்சர்தான் என் பக்கம் திரும்பினாங்க.

"சென்னியப்பன், இவ பக்கெட்டைக் குளத்துல அலசி நீங்க பாத்திருக்கீங்களா?"

பாத்திருக்கேன். வெயில் காலத்துல குழாய்த் தண்ணி வராதப்போ ரெண்டு மூணு தடவை அலசியிருக்கா. நானே, "அலசிக்க தாயி, பரவாயில்லை"ன்னு சொல்லியிருக்கேன். ஆனா டீச்சர் அதைக் கேக்கலையே? பாத்திருக்கீங்களான்னுதான் கேட்டாங்க.

"பாத்திருக்கேனுங்க"ன்னேன்.

ஒரே வார்த்தை. அதுலயும் பொய் இல்லை.

வேலுத்தாயி என்னை ஒரு பார்வை பாத்தா. கோவமெல்லாம் இல்லீங்க. அண்ணன் ஏதாவது சொல்லுவாருன்னு பாத்த மாதிரி இருந்துச்சு. கேப்டன் ரெண்டு கையையும் தட்டி, "போதும். நாளையில இருந்து வர வேண்டாம்"னுட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் அவ பையை நான்தாங்க தூக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏத்தி விட்டேன். வேற யாரு செய்வாங்க? மகள் வீட்டுக்குக் கம்பம் போறேன்னா. ஜன்னல் வழியாக் கையை நீட்டி, "எல்லாரும் என்னைத் திருடி மாதிரிப் பாத்தாக. நீங்க ஒருத்தருதாண்ணே ஒரு சொல்லு சொல்லலை"ன்னா. கண்ணு கலங்கிடுச்சுங்க எனக்கு. பஸ்ஸு கிளம்பற வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தேன்.

சரி, அது கிடக்கட்டும். நீங்க வேலையைப் பத்திக் கேளுங்க. அந்தக் கறையை நான் எப்படி எடுத்தேன்னு சொல்றேன், அதுல தெரிஞ்சுக்குவீங்க நான் யாருன்னு.

முதல்ல குளோரினை நிறுத்தணும். தண்ணியில குளோரின் இருந்தா போடற சரக்கை அதுவே தின்னுடும். மூணு நாள் யாரையும் இறங்க விடலை. செம்புக் கறைக்குச் சிட்ரிக் ஆசிட். எலுமிச்சையில இருக்குதே அந்தப் புளிப்புத்தான், பொடியா வரும். எல்லாரும் மொத்தமாக் கொட்டுவாங்க. நான் பழைய காலுறைக்குள்ள பொடியை நிரப்பி முடிஞ்சு, ஒவ்வொரு திட்டு மேலயும் வெச்சுக் காலால அழுத்திட்டு நிப்பேன். கழுத்தளவு தண்ணி. பத்து நிமிஷம் ஒரு திட்டு. காலை எடுத்தா அந்த இடம் மட்டும் வெள்ளையா, காலுறை வடிவத்துலயே இருக்கும். அதுக்குப் பக்கத்துல அடுத்தது. காலையில ஆறு மணிக்கு இறங்கினா இருட்டற வரைக்கும். மூணு நாள். பாதமெல்லாம் வெந்து தோலு உரிஞ்சுடுச்சு. பொஞ்சாதி தேங்காயெண்ணெய் தடவி விட்டுட்டு, "வேலுத்தாயி இருந்திருந்தா கஞ்சியாச்சும் வெச்சுக் குடுத்திருப்பா"ன்னா. "பேசாமப் படு"ன்னேன்.

நாலாம் நாள் உலோகத்தைப் பிடிச்சு வெச்சுக்கற திரவம் ஒண்ணு கேப்டன் வாங்கிட்டு வந்து குடுத்தார், ஊத்தினேன். "குளோரினை மெதுவா ஏத்து. ஒரேயடியா ஏத்தினா கறை திரும்பி வந்துடும்"னு படிச்சுச் சொன்னார். ஞாயித்துக்கிழமை காலையில பாத்தீங்கன்னா குளம் பாலு ஊத்தி வெச்ச மாதிரி. எட்டு அப்பார்ட்மெண்டும் வாயைப் பொளந்துச்சு. கேப்டன் மைக்குல என் பேரைச் சொல்லி, மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கதர்த் துண்டு போர்த்தினார். காவிக்கரை போட்ட துண்டு. எனக்கு யாரும் எதுவும் அதுவரைக்கும் போர்த்தினதில்லைங்க.

அதோட முடிஞ்சிருக்கணும். விதி.

போட்டியில நூறு பசங்க குதிச்சுட்டுப் போனாங்க. குளோரினோ கம்மி. ஒரேயடியா ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு. நாலே நாள்ல படிக்கட்டு வழுக்குது. பாசி! மறுபடி கெட்ட பேரு வாங்கவா? எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். ஒரு கைப்பிடி, சின்னதா. துணிக்குத் தேடினேன், கைக்கு எதுவும் அகப்படலை. அந்தத் துண்டுல ஒரு மூலையைக் கிழிச்சு முடிஞ்சு வெச்சேன்.

பாசி போயிடுச்சு. ஆனா வேலுத்தாயி போயி மூணு வாரம் ஆன பொறவு, படிக்கட்டுல அதே திட்டு வந்து உக்காந்துச்சுங்க.

இந்தத் தடவை மாத்திரை எல்லாம் இல்லை. டீச்சர் நேரா வந்தாங்க, ஸ்கிம்மர் மூடியைத் தூக்கினாங்க, கையை உள்ளே விட்டாங்க. வெளியே எடுத்தப்போ கையில காவிக்கரை. நீலம் சொட்டுது. கேப்டன் அதையே பாத்துட்டு நிக்கறார்.

"இது நான் போர்த்தின துண்டு"ன்னார்.

"ஆமாங்க சார்"னேன். மறைக்கலை பாருங்க.

"மருந்து எதுவும் போடலைன்னியே?"

"துத்தம் மருந்து இல்லீங்களே சார். கல்லு."

அப்படியே உக்காந்துட்டார், பிளாஸ்டிக் சேர்ல. டீச்சர் மட்டும், "வேலுத்தாயி நம்பர் குடுங்க. நான் பேசணும், கூட்டிட்டு வரணும்"னாங்க. "இப்பக் கைவசம் இல்லீங்க டீச்சர்"னேன். கையில இல்லைதானே? ஃபோனு சட்டைப் பையில இருந்துச்சு. டீச்சர் அதுக்கப்புறம் ரெண்டு தடவை வந்து கேட்டாங்க. கம்பத்துல எந்தத் தெருன்னு கேட்டாங்க. நான் போனதில்லைங்கன்னேன். போனதில்லைங்க.

அப்புறம் நானே நின்னுக்கிட்டேன். அவங்க போகச் சொல்லியும் இருந்தாங்க, அது வேற.

இப்பச் சொல்லுங்க மேடம். இதுல நான் எங்கே பொய் சொன்னேன்? தொழில் தெரியாதவனா? உங்க குளத்துல எந்தக் கறை வந்தாலும் எடுத்துக் குடுக்கறேன். துத்தம் வைக்காதேன்னா வைக்க மாட்டேன், தலையில அடிச்சு வேணாலும் சத்தியம் பண்றேன். ஒரு ரூமு மட்டும் குடுத்தீங்கன்னாப் போதும். பொஞ்சாதி இப்பத் தங்கச்சி வீட்டுல ஒரு மூலையில கிடக்கறா, அங்கே ரெண்டு நாய் வேற, மூச்சு முட்டுது அவளுக்கு.

என்னைப் பத்தி நல்லபடியாச் சொல்ல யாரு இருக்காங்கன்னு கேக்கறீங்களா? ஏனுங்க, இல்லாம என்ன! அந்த அப்பார்ட்மெண்டுல இருந்தவங்கதான் வேணுமுன்னா... வேலுத்தாயியவே கேளுங்க. நெசமாத்தாங்க சொல்றேன். என்னை அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது. அவ ஒரு குறை சொல்ல மாட்டா. இந்தாங்க நம்பர், பாத்து எழுதிக்கங்க. அந்தத் துத்தத்தைப் பத்தி மட்டும் எடுக்காதீங்க, பாவம், அவ மனசு சங்கடப்படும்.

இப்பவேங்களா? அவசரமில்லைங்க, சாவகாசமாப் போடுங்க... ஸ்பீக்கர் எதுக்குங்க? சரி. ரிங் போகுதுங்களா?

தாயி, நான் சென்னியப்பன் அண்ணன் பேசறேன். வேற நம்பர்ல இருந்து. ஆமா ஆமா, நல்லாருக்கேன். இங்கே ஒரு மேடம் உங்கிட்ட—

...

மேடம், அது ஒண்ணுமில்லீங்க. "சாருக்கு இந்த வாரமாச்சும் கோவம் தணிஞ்சுச்சாண்ணே, நான் திரும்பி வரலாமா"ன்னு கேக்கறா. வாரா வாரம் கூப்பிட்டுக் கேப்பா. இன்னும் தணியலை தாயி, பொறுத்துக்கன்னு சொல்லுவேன். அதுவும் பொய் இல்லீங்க. கேப்டனுக்குக் கோவம் தணியவே இல்லையே, என் மேல.

ஏனுங்க மேடம், ஃபோனை உங்க பக்கம் இழுக்கறீங்க?